நான்காம் பாத்தியின் பழம்

ஜனவரி 6

அக்கா,

இந்தப் பருவத்தின் முதல் பறிப்பு. நான்கு பாத்தி, நான்கு டப்பா. மூடி மேல் எண் ஒட்டியிருக்கிறேன். காய்கறி வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். "மடியிலயே வச்சுக் கொண்டுபோறேன்" என்று சத்தியம் செய்திருக்கிறார். ஸ்டியரிங்கை எங்கே வைத்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை.

வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொன்றிலும் மூன்று பழம் தின்று, இடையில் வெந்நீர் குடித்து, எண் போட்டு எழுதி அனுப்பு. போனில் சொல்லாதே. போனில் சொன்னால் பிறகு நீ அப்படிச் சொன்னாய், நான் இப்படிக் கேட்டேன் என்று சண்டைதான் மிஞ்சும். எழுத்தில் இருந்தால் ஃபைலில் போடலாம். எட்டு வருடமாக நீ எழுதியதெல்லாம் நீல ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. 'தண்ணீரை மெல்லுகிறேன்' என்று எழுதிய வருடம் தண்ணீர் விடுவதைக் குறைத்தேன். 'காம்புக்குக் கீழே வெள்ளையாக இருக்கிறது, பறக்காவெட்டி மாதிரிப் பறிக்காதே' என்று திட்டிய வருடம் இரண்டு நாள் பொறுத்துப் பறித்தேன். நாளெல்லாம் பழத்துக்கு நடுவில் கிடப்பவனுக்கு நாக்கு மரத்துப்போகிறது. ஜாம் தொழிற்சாலையில் இருபது வருடமாக ருசி பார்த்துச் சொல்கிற உன் நாக்குதான் இந்தத் தோட்டத்துக்கும் நாக்கு.

இந்தத் தடவை நான்காம் டப்பாவைக் கொஞ்சம் கவனித்துத் தின்ன வேண்டும். ஒரே ஒரு செடியை வைத்துக்கொண்டு, அது விடும் கொடியை வேர்விட வைத்து, ஆறு வருடமாக நான் பெருக்கிய பாத்தி அது. ஸ்ட்ராபெர்ரியின் குணம் உனக்குத் தெரியும். போன வருடம் தேன் என்றால் இந்த வருடம் வெறும் சிவப்புத் தண்ணீர். பறிக்கும் வாரத்தில் ஒரு மழை பெய்தால் போச்சு. மற்ற மூன்று பாத்தியும் அப்படித்தான் ஆடுகின்றன. நான்கு மட்டும் இரண்டு பருவமாக ஆடவில்லை. நீயே இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளைத்தான் எழுதினாய்.

நாற்றுப் பண்ணைக்காரர் சொல்லிவிட்டார்: மூன்றாவது பருவமும் அதே ருசி நின்றால், தாய்ச்செடியாக எடுத்துக்கொள்வார். பெயர் வைத்து எல்லாத் தோட்டத்துக்கும் கொடுப்பார். பிப்ரவரிக் கடைசியில் வருகிறார். அவருக்கும் நான் உன் கடிதத்தைத்தான் காட்டப்போகிறேன்.

காய்ச்சல் நன்றாக விட்டதா? பத்து நாள் படுத்துக்கிடந்துவிட்டு எனக்குச் சொல்லவே இல்லையே நீ. நான்காம் பாத்தியிலிருந்து உன் ஜன்னலுக்கென்று கொடுத்த தொட்டிச் செடி உயிரோடு இருக்கிறதா, இல்லை டீத்தூளைக் கொட்டியே கொன்றுவிட்டாயா?

உன் தம்பி

ஜனவரி 11

டேய் மண்ணாங்கட்டி,

செடி உயிரோடு இருக்கிறது. வெயில் போதாமல் பூக்கவில்லை, ஆனால் இலை பச்சையாக இருக்கிறது. நானும் அப்படித்தான். காய்ச்சல் விட்டுவிட்டது. வேலைக்கு இந்த மாதக் கடைசியில்தான் போகப்போகிறேன்.

இனி விஷயம். ஒன்று: இனிப்பு உண்டு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டு: புளிப்பு. மூன்று: புளிப்பும் இல்லை, நனைத்த பஞ்சு.

நான்கைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். ஆசையாகத்தான் திறந்தேன். இனிப்பு இருக்கிறது, அளவான புளிப்பும் இருக்கிறது. வாசம் இல்லை. போன வருடம் டப்பாவைத் திறக்கும் முன்பே வந்து நின்ற வாசம், மூடியைத் திறந்து மூக்கை வைத்த பிறகும் வரவில்லை. நம்பாமல் இன்னும் மூன்று தின்றேன். பிறகு மிச்சத்தையும் தின்றேன். இல்லை. உன் செடியும் ஆடிவிட்டது.

இதை எழுத எனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்காதே. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்றால், அத்தைக் காக்கைக்கும் அது பொன் குஞ்சுதான். ஆனால் நான் சொந்தம் பார்த்து ருசி சொல்கிறவள் இல்லை. நீ நாற்றுப் பண்ணைக்காரரிடம் காட்டப்போகிற கடிதம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். வாசமில்லாத செடியை உன் பெயரில் நாலு பேர் தோட்டத்துக்கு அனுப்பினால் அந்தக் கெட்ட பெயர் சாகும்வரை போகாது. உரத்தில் ஏதாவது மாற்றினாயா? யோசித்துப் பார்.

அக்கா

ஜனவரி 17

அக்கா,

கடிதம் கிடைத்து இரண்டு நாள் நான் நான்காம் பாத்தியிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் உன் தம்பி பொண்டாட்டி அங்கேயே தேடி வந்தாள். நான்காம் பாத்தியிலிருந்து ஒரு கை பறித்துத் தின்றுவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு, அண்ணிக்கு என்ன ஆச்சு?" என்றாள். "நீ சமைச்சதையே நல்லாயிருக்குன்னு சொல்றவதானே நீ" என்று எரிந்து விழுந்தேன். அதற்குத் தனிச் சண்டை நடந்தது, அது உனக்கு வேண்டாம்.

உரம் மாற்றவில்லை. தண்ணீர் மாற்றவில்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு செடியைக் கெல்லி வேரையும் பார்த்தேன். குறை தெரியவில்லை. நானும் தின்று பார்த்தேன். வாசம் இருக்கிற மாதிரிதான் இருந்தது. பிறகு உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தின்றேன், இல்லாத மாதிரி இருந்தது. என் நாக்கின் லட்சணம் அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். ஒரு நல்ல வார்த்தை எழுதினால் உனக்குக் கை சுளுக்கிக்கொள்ளுமா? 'ஆடிவிட்டது' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். ஆறு வருடம் அக்கா. கல்யாணமான புதிதில் வைத்த செடி.

சரி. இரண்டாம் பறிப்பு பிப்ரவரி முதலில் வரும். மறுபடி அனுப்புகிறேன். அப்போதும் இப்படித்தான் என்றால் பாத்தியைப் பிடுங்கி எரித்துவிடுவேன். வாசம் போன செடியின் கொடி பக்கத்துப் பாத்திக்குள் ஓடினால் தோட்டமே கெட்டுப்போகும். அதனால் அவசரப்படாமல் தின்று, அவசரப்படாமல் எழுது.

உன் தம்பி

ஜனவரி 24

தம்பி,

கோபப்படாதே. நான் எழுதியது கொஞ்சம் கடுமைதான்.

எரிப்பது அது இது என்றெல்லாம் இப்போதே பேசாதே. ஒரு பறிப்பை வைத்து ஒரு செடியை முடிவு கட்டக்கூடாது. பருவம் அப்படி இருக்கலாம். வேறு எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். இரண்டாம் பறிப்பை அனுப்பு, பார்க்கலாம்.

இங்கே விசேஷமாக ஒன்றும் இல்லை. நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாத்திரம் அடிவரை கருகி, எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. ஏதோ வேலை நினைப்பு. வயதாகிறது.

வேறு எழுத நினைத்தேன். பிறகு எழுதுகிறேன்.

அக்கா

பிப்ரவரி 8

அக்கா,

நான்கு நாளாக விடாத மழை. வரப்பில் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. காலைக் கட்டி, நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். பழத்தை உன் தம்பி பொண்டாட்டிதான் பறித்து, டப்பாவில் போட்டு, எண்ணும் ஒட்டினாள். நான் வாசலிலிருந்து கத்தினேன், அவள் பதிலுக்குக் கத்தினாள், ஒருவழியாக வேலை முடிந்தது. வண்டிக்காரர் காத்திருக்கிறார். அவளும் இதே வண்டியில் தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்புகிறாள். மூன்று வாரம் நானே சமைத்து நானே சாப்பிட வேண்டும்.

போன கடிதத்தில் நீ என்னைத் தம்பி என்று எழுதியிருந்தாய். நீ மண்ணாங்கட்டி என்று கூப்பிடாவிட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. உடம்பு சரியில்லையா?

நான்கைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுது. பண்ணைக்காரர் வர இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. உன் பதில் வந்ததும் முடிவு செய்துவிடுவேன்.

உன் தம்பி

பிப்ரவரி 13

தம்பி,

காலைப் பார்த்துக்கொள். எண்ணெய் போட்டு நீவுகிறேன் என்று யாராவது வந்தால் விரட்டிவிடு.

ஒன்று: நன்றாக இருக்கிறது, இந்தப் பருவத்தில் இதுதான் உன் நல்ல பழம். இரண்டு: மழை குடித்திருக்கிறது, இனிப்பு பின்வாங்கிவிட்டது. மூன்று: கொஞ்சம் முந்திப் பறித்தது, புளிப்பு தூக்கலாக இருக்கிறது. நான்கு: போன தடவைக்குப் பரவாயில்லை. ஆனால் போன இரண்டு வருடம் எழுதியதை இந்த வருடமும் என்னால் எழுத முடியாது.

இதற்கு மேல் கேட்காதே. பண்ணைக்காரரை அடுத்த வருடம் வரச் சொன்னால் என்ன? செடி எங்கே ஓடிவிடப்போகிறது?

அக்கா

பிப்ரவரி 19

அக்கா,

பிடுங்கிவிட்டேன்.

காலை இழுத்துக்கொண்டே இரண்டு நாளில் முடித்தேன். மண்ணை உதறி, குவித்து, ஈரம் காய்ந்ததும் கொளுத்தினேன். பழம் இருந்த செடிகளும் அதில் இருந்தன. பண்ணைக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். "ஏங்க, மூணாவது பருவத்துல போயிடுச்சா?" என்று கேட்டாராம். போய்விட்டது என்று சொல்லச் சொன்னேன்.

அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறாய். அடுத்த வருடம் நீ இதையே எழுதினால் நான் இன்னொரு வருடம் தூங்காமல் இருக்க வேண்டுமா? உன் மேல் கோபமில்லை. நீ உள்ளதைச் சொன்னாய். மற்றவர்கள் எல்லாம் முகத்துக்காகச் சொல்வார்கள்.

உன் தம்பி

மார்ச் 3

பத்து நாளாக உன்னிடமிருந்து பதில் இல்லை. இப்போது நான் கேட்பதற்காவது பதில் எழுது.

முந்தாநாள் உன் தம்பி பொண்டாட்டி ஊரிலிருந்து வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் தோட்டத்துக்குப் போனவள், காலிப் பாத்தியைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். பிப்ரவரியில் மழையில் கீழ்ப்பாத்தி மூன்றிலும் பழம் ஊறிப்போயிருந்ததாம். மேட்டில் இருக்கிற முதல் பாத்தி மட்டும் நன்றாக இருந்ததாம். "ஊறின பழத்தை அனுப்பினா அண்ணி இன்னும் திட்டுவாங்க, நீங்க செடியைப் பிடுங்கிருவீங்கன்னு பயந்து, நாலு டப்பாவுலயும் ஒண்ணாம் பாத்திப் பழத்தையே போட்டேங்க" என்றாள்.

அவள் செய்தது தப்புதான். அந்தத் தப்பு அவளுக்கும் எனக்கும் நடுவில்.

நீ சொல். நான்கு டப்பாவிலும் ஒரே பழம். ஒன்று நல்ல பழம், இரண்டு மழை குடித்தது, மூன்று முந்திப் பறித்தது, நான்கு பரவாயில்லை. எதைத் தின்றுவிட்டு இதை எழுதினாய்? தின்றாயா? இல்லை, நான் மழை என்று எழுதியதைப் படித்துவிட்டு நீயும் மழை என்று எழுதினாயா?

எட்டு வருட ஃபைலை எடுத்து முன்னால் வைத்திருக்கிறேன். இதில் எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 9

தம்பி,

தின்றேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நாக்கில் படுகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஸ்ட்ராபெர்ரியும் தக்காளியும் எனக்கு இப்போது ஒன்றுதான்.

ஜனவரி 11-ல் எழுதியது பொய் இல்லை. அதை மட்டும் நம்பு. உன் பழத்தில்தான் வாசம் போய்விட்டது என்று அன்று உண்மையாகவே நினைத்தேன். காய்ச்சலுக்குப் பிறகு ஒரு வாரம் வெறும் கஞ்சிதான் குடித்திருந்தேன், கஞ்சிக்கு ஏது வாசம்? பால் கருகிய அன்றுதான் புரிந்தது. எதிர்வீட்டுக்காரி போன பிறகு சோப்பு, வெங்காயம், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் மூக்கில் வைத்துப் பார்த்தேன். மறுநாள் உனக்கு எழுத உட்கார்ந்து, 'குறை பழத்தில் இல்லை, என்னிடம்தான்' என்று முதல் வரியும் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நீ படித்த கடிதத்தை எழுதினேன்.

ஏன் என்றால், உனக்குச் சொன்னால் தொழிற்சாலையிலும் சொல்ல வேண்டும். அங்கே நான் தலையாட்டினால்தான் ஜாம் புட்டிக்குள் போகும். என்னைத் தனியாக விட்டுவிட்டு உன் மாமா போய்ச் சேர்ந்த பிறகு என்னை எழுப்பிக் கிளப்பி வெளியே அனுப்பியது அந்த ருசி மேசைதான். அது இல்லாமல் காலையில் எதற்கு எழுந்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் பக்கத்து நாற்காலிக்காரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முகம் சுளித்தால் நானும் சுளித்தேன். திறமையாகச் செய்தேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் ஒன்றரை மாதம் மறைத்தேன்.

பிப்ரவரியில் நான்கு டப்பாவும் ஒரே மாதிரி இருந்தது. என் நாக்குதான் அப்படி என்று நினைத்தேன். நான்கு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கலாம். ஒருவேளை உண்மையிலேயே செடி கெட்டிருந்தால், என் பொய்யை நம்பி நீ அதை ஊருக்கெல்லாம் கொடுப்பாய். கெட்டுவிட்டது என்று எழுதினால் எரிப்பாய். அதனால் இரண்டும் இல்லாமல் எழுதினேன். தெரியாது என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். இருபது வருடத்தில் நான் அந்தச் சொல்லை எழுதியதே இல்லை. 'பிடுங்கிவிட்டேன்' என்று நீ எழுதியதைப் படித்த பிறகு பேனாவை எடுக்கக் கை வரவில்லை. அதிலும் 'நீ உள்ளதைச் சொன்னாய்' என்று எழுதியிருந்தாயே.

நேற்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். டாக்டர், வாசம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார். ஃபைலில் இருக்கிற மற்றக் கடிதங்களைச் சந்தேகப்படாதே. இந்த வருடத்து இரண்டை மட்டும் கிழித்துப் போடு.

இந்தக் கடிதத்தோடு ஒரு அட்டைப்பெட்டி வரும். நீ கொடுத்த தொட்டிச் செடி மூன்று கொடி விட்டிருக்கிறது. நீ சொல்லிக்கொடுத்தபடி நுனியை டீக்கோப்பை மண்ணில் ஊன்றி, வேர் பிடித்த பிறகு வெட்டினேன். அது நான்காம் பாத்திதானே? தாய்ச்செடியை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், இவை பிழைக்காவிட்டால் அதையும் அனுப்புகிறேன். வண்டிக்காரரிடம் இதை மடியில் வைக்கச் சொல்லி நானே நேரில் சொன்னேன்.

என் தம்பி பொண்டாட்டியைத் திட்டாதே. அவள் பொய் உனக்காகச் சொன்னது. என்னுடையது எனக்காக.

அக்கா

மார்ச் 16

கோப்பைகள் வந்தன. ஒன்று வழியிலேயே வாடிவிட்டது. இரண்டை நட்டிருக்கிறேன். இலை நான்காம் பாத்தி இலை மாதிரிதான் இருக்கிறது.

ஜூலை 20

தம்பி,

நான்கு மாதமாயிற்று. பதில் கேட்டு எழுதவில்லை.

என்னை லேபிள் பிரிவில் போட்டிருக்கிறார்கள். புட்டியில் ஒட்டிய தாள் நேராக இருக்கிறதா கோணலாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கோணலைப் பார்க்க மூக்கு தேவையில்லை. காலையில் எழுந்திருக்கிறேன், போகிறேன், வருகிறேன். நினைத்த அளவுக்குச் செத்துப்போய்விடவில்லை.

வாசம் வரவில்லை. ஒருநாள் மாடிப்படியில் ஏதோ வந்த மாதிரி இருந்தது. நின்று நின்று பார்த்தேன். ஒன்றுமில்லை.

அந்த இரண்டும் பிழைத்தனவா என்று ஒரு வரி எழுது. என்னோடு பேச வேண்டாம், செடியைப் பற்றி மட்டும் எழுது.

அக்கா

ஜனவரி 14

அக்கா,

ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. கோபம் முதல் இரண்டு மாதம்தான் இருந்தது. அதன் பிறகு இருந்தது வெட்கம். என் பாத்தியை நீ பிடுங்கவில்லை, நான்தான் பிடுங்கினேன். உன் தம்பி பொண்டாட்டி நன்றாக இருக்கிறது என்றாள், என் வாயிலும் வாசம் இருக்கிற மாதிரிதான் பட்டது. இரண்டையும் விட்டுவிட்டுக் காகிதத்தை நம்பினேன்.

இரண்டும் பிழைத்தன. ஆளுக்கு இரண்டு கொடி விட்டன, ஆக ஆறு செடி. போன வாரம் பழுத்தது. மொத்தம் ஐந்தே பழம். பண்ணைக்காரரிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். சிரிக்கவும் இல்லை, இரக்கப்படவும் இல்லை. "மறுபடி மூணு பருவம் காட்டுங்க, வர்றேன்" என்றார். முதலிலிருந்துதான்.

முதல் பழத்தை நான் தின்றேன். நன்றாக இருந்தது. ஆனால் பழைய ருசியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆறு வருடம் வளர்த்தவனுக்குத் தன் பழத்தின் ருசி ஞாபகமில்லை அக்கா. எனக்கு ஞாபகம் இருந்தது நீ எழுதிய வார்த்தைதான்.

அதனால் நீல ஃபைலை எடுத்தோம். உன் தம்பி பொண்டாட்டியை எதிரில் உட்கார வைத்து, போன வருடத்துக்கு முந்தின ஜனவரிக் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு, நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது பழத்தைக் கடித்தேன். அவள் ஒரு வரி படித்தாள், நான் மென்றேன். அடுத்த வரி படித்தாள், விழுங்கினேன். நீ எந்த இடத்தில் என்ன வரும் என்று எழுதியிருந்தாயோ, அந்தந்த இடத்தில் அது அது வந்தது. மூன்றாவதுக்குக் கையை நீட்டினேன். "இருங்க, உடனே எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்று கையில் ஒரு அடி வைத்தாள். பிறகு மூன்றாவதை அவள் தின்றாள், நான் படித்தேன். பாதியில் இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது. வரி விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

நீ கிழிக்கச் சொன்ன இரண்டு கடிதத்தையும் கிழிக்கவில்லை. அவையும் ஃபைலில் இருக்கட்டும்.

நான்காவதைச் செடியிலேயே விட்டிருக்கிறேன். ஐந்தாவது இந்த டப்பாவில் இருக்கிறது. எண் ஒட்டவில்லை. எப்படி இருக்கிறது என்று நீ எழுத வேண்டாம். கீழே நான் எழுதியிருக்கிறேன். கையெழுத்து என்னுடையது, வார்த்தை உன்னுடையது. ஒரு மாற்றமும் செய்யவில்லை. படித்துக்கொண்டே நிதானமாகத் தின்னு.

'நான்கு: டப்பாவைத் திறக்கும் முன்பே வாசம் வந்து நிற்கிறது. கடித்ததும் இனிப்பு. சரி, இனிப்புதான் போலிருக்கிறது என்று விழுங்கப்போகும்போது சின்னதாக ஒரு புளிப்பு வந்து, நானும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறது. விழுங்கிய பிறகும் மூக்குக்குப் பின்னால் வாசம் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த பழத்தை உடனே எடுக்காதே, அது எழுந்து போகும்வரை பொறு. போன வருடமும் இதையேதான் எழுதினேன் என்று நினைக்கிறேன். டேய் மண்ணாங்கட்டி, யார் என்ன சொன்னாலும், நானே சொன்னாலும், இந்தச் செடியில் மட்டும் கை வைத்துவிடாதே.'

உன் மண்ணாங்கட்டி